என்ஜின் வேலைக்குப் பின் ஸ்டார்ட் ஆகாத மோரிஸ் மைனர்: பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

கார் 1966ஆம் ஆண்டின் மோரிஸ் மைனர் 1000. நான்கு கதவுகள், 1098 சிசி என்ஜின், பினாங்குப் பதிவெண். ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் நின்றது. உரிமையாளர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை அவருடைய தந்தை வாங்கியிருந்தார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து நீலப்புகை கக்கியதால் என்ஜினை முழுதாகப் பிரித்தார்கள். பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டும் பிறையில் உள்ள ஒரு கடைசல் பட்டறைக்குப் போயின. சிலிண்டர்களை அகலப்படுத்தி, புதிய பிஸ்டன்கள் போட்டு, ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்கும் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளையும் பொருத்தி அனுப்பினார்கள். திரும்பப் பூட்டியவர் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக். பூட்டி முடித்த நாளில் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியைத் திருப்பினார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

என்னை அழைத்தபோது புதிய பேட்டரி வந்துவிட்டது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் வெளியே போய்ப் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பியிருந்தது. கார்புரேட்டரை மாற்றலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. யாரோ கண் வைத்துவிட்டதாக வீட்டில் ஒருவர் சொன்னார். தைப்பூசத்துக்கு முன் காரைத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஒரு முறை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது பெரியவரின் விருப்பம்.

நான் கேட்ட முதல் கேள்வி, "ஐயா, பிரிப்பதற்கு முன் கார் ஓடியதா?"

"ஓடியது தம்பி. புகையோடு ஓடியது. காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும்."

இந்தப் பதிலே பாதி வேலையை முடித்துவிடுகிறது. வேலைக்கு முந்தைய வாரம் ஓடிய காரின் கார்புரேட்டரும் பெட்ரோல் பம்பும் சாவிச் சுவிட்சும் அவற்றை யாரும் தொடாதபோது ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. எனவே முதலில் பார்க்க வேண்டியவை, கை பட்ட இடங்கள். என்னென்ன கழற்றப்பட்டன, என்னென்ன புதிதாகப் போடப்பட்டன, எதற்கெல்லாம் பெயின்ட் அடிக்கப்பட்டது என்று மெக்கானிக்கிடம் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நல்ல கைத்திறன் உள்ளவர். இந்தக் காலத்துக் கார்களில் பழகியவர் என்பதால் சில பழைய வழக்கங்கள் அவருக்குப் புதியவை, அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் பெயின்ட் என்ற வரியும் 'டிஸ்டிரிபியூட்டரில் ரோட்டார் உட்பட எல்லாம் புதிது' என்ற வரியும் இருந்தன. டிஸ்டிரிபியூட்டர் என்பது பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குகளுக்கு வரிசையாகப் பங்கிடும் பாகம்; அதனுள் சுழன்று பங்கிடுவது ரோட்டார். இரண்டுமே பிறகு முக்கியமாயின.

சாவியைத் திருப்பியதும் கேட்டது மந்தமான முனகல். என்ஜின் அரைச்சுற்று சுற்றி நின்றது, மறுபடி அரைச்சுற்று. புதிய பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. அப்போது பெரியவர் ஒன்று சொன்னார்: சாவியைத் திருப்பும்போதெல்லாம் சோக் இழுக்கும் கம்பி சுடுகிறது. ஏற்கெனவே மெக்கானிக்கிடம் சொன்னாராம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மைனரின் என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் போகாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் பெரும் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்ப, கியர் பெட்டிக்கும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே ஒரு தடித்த பின்னல் பட்டை உண்டு. அந்தப் பட்டை விட்டுப்போனாலோ சரியாகத் தொடாமலிருந்தாலோ, மின்சாரம் கிடைத்த வழியில் போகப் பார்க்கும். என்ஜினையும் உடலையும் இணைக்கும் மற்ற உலோகங்கள் சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி போன்றவைதான். அந்த மெல்லிய கம்பிகளின் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் ஓட முயன்றால் அவை சுடாமல் என்ன செய்யும்?

ஊகத்தோடு நிறுத்தவில்லை. மீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை உடலோடு இணைந்திருக்கும் பேட்டரி முனையிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல இணைப்பில் அங்கே அரை வோல்ட்டுக்குக் குறைவாகவே காட்ட வேண்டும். மூன்று வோல்ட்டுக்கும் மேல் காட்டியது. பேட்டரி கொடுக்கும் வலுவில் கால் பங்கு வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது. காரின் அடியில் பார்த்தால் பட்டை இருந்தது, ஆனால் கியர் பெட்டிக்கும் சட்டத்துக்கும் அழகாக அடித்த புதுப் பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டிருந்தது. இரண்டு முனைகளையும் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் பூசினோம். கடற்காற்று வீசும் தீவில் அந்தக் கடைசிப் பூச்சைத் தவிர்க்கக் கூடாது. மறுபடி அளந்தபோது 0.2 வோல்ட். மோட்டார் சுறுசுறுப்பாகச் சுற்றியது. புதிய பேட்டரிக்கும் மோட்டார் பழுதுக்கும் போன பணம் தேவையில்லாத செலவு.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும். முந்தைய நாள் பெரியவரின் மகன் தன் மைவி காரைக் கொண்டுவந்து கேபிள் போட்டு இதை ஸ்டார்ட் செய்ய நினைத்திருக்கிறார். நல்லவேளையாகச் செய்யவில்லை. இந்த மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் அப்படித்தான். இன்றைய கார்களில் நெகட்டிவ் முனை உடலோடு சேரும். இரண்டு கார்களின் பம்பர்கள் உரசினாலோ, நெகட்டிவ் கேபிளின் கடைசிப் பிடியைப் பழக்கப்படி மைனரின் உடலில் மாட்டினாலோ நேரடியாக மின்குறுக்கு ஏற்படும். பேட்டரி வெடிக்கவும் கூடும். மைனருக்குக் கேபிள் போடுவதானால் இரு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும், பேட்டரி முனைக்கு முனை மட்டுமே இணைக்க வேண்டும்.

அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் ஆயில் அளவுக் கோலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை கடுமையாக வந்தது. புதிதாக அகலப்படுத்திய சிலிண்டரில், சோக்கை இழுத்தபடி திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினால், எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். வளையங்கள் இன்னும் சுவரோடு படியாத நிலையில் அது மிகக் கெடுதல். 'இன்னும் ஒரு முறை திருப்பிப் பார்ப்போம்' என்பதுதான் புது என்ஜினைக் கெடுக்கும் பழக்கம். ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு ஆயில் விட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை மோட்டாரைச் சுற்றவிட்டோம். அதே வேளையில் கம்ப்ரெஷனையும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தையும், அளந்தேன். நான்கு சிலிண்டர்களின் அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன. மோட்டார் முனகிக்கொண்டிருந்தபோது இதை அளந்திருந்தால் அந்த எண்களுக்குப் பொருளே இருந்திருக்காது.

பிளக்குகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும் புதிய அறிகுறி வந்தது. கார்புரேட்டர் வழியாகப் 'படார்' என்று வெடித்தது. ஒரு முறை வாயில் நெருப்பும் தெரிந்தது. கார்புரேட்டர்தான் என்று சுற்றி நின்றவர்கள் மறுபடி சொன்னார்கள். அதை விலக்குவது எளிது. மைனரின் எஸ்யூ மின்பம்பு பேசும் பம்பு: சாவியைப் போட்டதும் டக் டக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டரின் கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிடும். இதுவும் அப்படியே அடித்து நின்றது. பெட்ரோல் வருகிறது, கிண்ணத்து ஊசி வால்வும் அடைக்கிறது. பிளக்குகள் ஈரமாக இருந்தன. வெடிப்பே தீப்பொறிக்குச் சாட்சி. பெட்ரோலும் இருக்கிறது, பொறியும் இருக்கிறது, எரிய வேண்டிய நேரத்தில்தான் எரியவில்லை.

இந்த நிகழ்வின் நடுப்பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மைனரில் உள்ளது ஏ-சீரிஸ் என்ற என்ஜின். அது முதலில் 1951இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்தது. அடுத்த ஆண்டே மைனருக்கும் வந்தது. 1959இல் மினி பிறந்தபோது அதிலும் இதுவே. மூன்றிலும் எரியும் வரிசை 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். டிஸ்டிரிபியூட்டரை மேலிருந்து பார்த்தால் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். ஒரு சிலிண்டர் ஒரு முறை எரிவதற்குக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டும் டிஸ்டிரிபியூட்டரும் ஒரே சுற்று. ஆகவே முன்புறப் புல்லியின் வெட்டுக்குறி, டைமிங் மூடியின் முள்ளுக்கு நேராக இரண்டு முறை வரும். ஒரு முறை ஒன்றாம் சிலிண்டர் எரியும் நிலையில் இருக்கும். மறு முறை நான்காம் சிலிண்டர் எரியும் நிலையில் இருக்கும். இரண்டு முறையும் ஒன்றும் நான்கும் உச்சியில்தான் நிற்கும். குறியை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

வித்தியாசத்தைச் சொல்பவை வால்வுகள் மட்டுமே. மைனரில் முன்பம்பர் வழியாகச் செருகும் கைப்பிடி உண்டு. பிளக்குகள் இல்லாதபோது அதைக் கொண்டு என்ஜினை மிக மெதுவாகத் திருப்பலாம். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் மேலுள்ள மூடியைக் கழற்றிவிட்டுத் திருப்பினோம். குறி முள்ளுக்கு நேராக வந்தபோது நிறுத்தி, முன்னிருந்து முதலிரண்டு வால்வுகளைக் காட்டினேன். கைப்பிடியை ஒரு விரலளவு முன்னும் பின்னும் அசைத்தால், ஒன்று மூடி முடிக்க மற்றது திறக்கத் தொடங்கியது. கடைசி இரண்டு வால்வுகளோ அசையவேயில்லை. அவற்றின் ராக்கர்களைக் கையால் ஆட்டினால் இடைவெளி தெரிந்தது. அப்படியானால் எரியும் நிலையில் இருப்பது நான்காம் சிலிண்டர். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தால் ரோட்டார் ஒன்றாம் பிளக்கின் வயருக்கு நேராக நின்றது.

ஒன்றாம் சிலிண்டரில் எரிந்த புகை வெளியேறி முடிந்து, இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் நொடியில் பொறி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வரும் பெட்ரோல் கலவை திறந்த வால்வின் வழியே பின்னோக்கி எரிந்து, கார்புரேட்டரில் வெடித்தது. கார்புரேட்டரில் எந்தக் குறையும் இல்லை.

எப்படி நேர்ந்தது? டைமிங் செயினைப் பூட்டும்போது இரண்டு பற்சக்கரங்களிலும் உள்ள புள்ளிகளை நேரெதிராக நிறுத்த வேண்டும். மெக்கானிக் அதைச் சரியாகச் செய்திருந்தார். பிறகு அந்த நிலையையே ஒன்றாம் சிலிண்டர் எரியும் நிலை என்று எடுத்துக்கொண்டு டிஸ்டிரிபியூட்டரை ஓட்டும் பற்தண்டைச் செருகிவிட்டார். புள்ளிகள் கிராங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் உள்ள உறவை மட்டும்தான் உறுதிசெய்கின்றன. எந்தச் சிலிண்டர் எரியப்போகிறது என்பதை அவற்றை வைத்து முடிவுகட்டக் கூடாது.

சரிசெய்ய இரண்டு வழிகள். பிளக் வயர்களில் ஒன்றையும் நான்கையும், இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றினால் கார் அந்த நிமிடமே ஓடும். பலர் அப்படி விட்டுவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. பத்து ஆண்டு கழித்து வேறொருவர் புத்தகத்தைப் பார்த்து வயர்களை 'சரியான' இடத்தில் மாட்டுவார். அன்று இதே கதை முதலிலிருந்து தொடங்கும். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே திருத்த வேண்டும்.

டிஸ்டிரிபியூட்டரையும் அதன் உறையையும் கழற்றினால் பற்தண்டின் தலை தெரியும். அதை வெளியே இழுக்க 5/16 அங்குல யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்ணிழை) போல்ட் ஒன்று தேவை. எட்டு மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதேபோல் இருக்கும். விட்டத்தில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இழை வேறு. வற்புறுத்தி முடுக்கினால் தண்டின் இழை நாசமாகும். ஜோர்ஜ் டவுனில் பழைய இரும்புச் சாமான் கடை ஒன்றில் நீளமான சரியான போல்ட் கிடைத்தது. கைப்பிடியால் என்ஜினை இன்னொரு முழுச் சுற்றுத் திருப்பி, இந்த முறை நான்காம் சிலிண்டரின் வால்வுகள் ஆடுவதையும் ஒன்றாம் சிலிண்டரின் வால்வுகள் அசையாமல் நிற்பதையும் பார்த்து உறுதிசெய்துகொண்டு, தண்டைச் செருகினோம். தண்டின் தலையிலுள்ள வெட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பெரிய பாதி மேலே இருக்க வேண்டும். பற்கள் கேம் ஷாஃப்டோடு சேரும்போது தண்டு தானாகச் சற்றுச் சுழலும், அந்தச் சுழற்சிக்கும் முன்கூட்டியே இடம் விட்டுச் செருக வேண்டும். மெக்கானிக்கே செருகினார், நான் பக்கத்தில் நின்றேன்.

டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை எழுப்பும் தொடுமுனைகளான பாயிண்டின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025, வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012. டிஸ்டிரிபியூட்டரின் வயர் முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்து, பாயிண்ட் திறக்கும் நொடியில் அது எரியுமாறு டைமிங்கை நிறுத்தினோம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் எழுந்தது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பொனட்டின் மேல் கை வைத்தார்.

கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு இரண்டு முறை தடுமாறி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆறவிட்டுத் திருப்பினால் உடனே ஓடியது. சூடேறியதும் மறுபடி நின்றது.

நண்பகல் வெயில். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துவிட்டது என்றார் ஒருவர். பாயிண்டோடு இணைந்த கண்டென்சர் என்றார் மெக்கானிக். பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில் என்றார் மகன். மூன்றுமே நியாயமான சந்தேகங்கள், மூன்றுமே சூட்டில் வரக்கூடியவை. ஆனால் கடைக்கு ஆள் அனுப்புவதற்கு முன், நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும்; ஆறிவிட்டால் தடயம் போய்விடும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோல் இருந்தது. பிளக் வயரில் பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் நடுவயரை மூடியிலிருந்து உருவி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து பிளாக்குக்கு அருகே காட்டியபோது நீலப்பொறி கொழுத்துத் தாவியது. பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றும் சரியாக வேலை செய்தால்தான் அந்தப் பொறி வரும். ஒரே சோதனையில் மூன்றும் விடுதலை. இனி மிச்சம் மூடியும் ரோட்டாரும். மூடியில் விரிசல் இல்லை; நடுவிலுள்ள கரித்துண்டும் தடையின்றி அசைந்தது.

ரோட்டாருக்கு ஒரு சோதனை உண்டு. மூடியைக் கழற்றி, ரோட்டாரை அதன் இடத்திலேயே விட்டு, காயிலின் நடுவயரை அதன் பித்தளைத் தகட்டுக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் மேலே பிடிக்க வேண்டும். சாவியைப் போட்டு, பாயிண்டைக் கையால் திறந்து மூட வேண்டும். நல்ல ரோட்டாரில் பொறி தாவாது. போவதற்கு வழி இல்லை. இங்கே பளிச் பளிச்சென்று தாவியது. அந்த மின்சாரம் ரோட்டாரின் பிளாஸ்டிக்கைத் துளைத்து, அடியிலுள்ள தண்டின் வழியே என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது.

பிரிக்கும்போது 'எதற்கும் இருக்கட்டும்' என்று புதிதாக வாங்கிய ரோட்டார் அது. மலிவான சில ரோட்டார்களில் பித்தளைத் தகட்டை ஒரு ரிவெட் அடித்துப் பொருத்துகிறார்கள். ரிவெட்டின் அடிமுனைக்கும் தண்டைக் கவ்வும் உலோகத்துக்கும் இடையே மிஞ்சுவது மெல்லிய பிளாஸ்டிக் மட்டும். குளிர்ச்சியாக இருக்கும்வரை தாங்கும். சூடேறியதும் காப்புத்தன்மை தளர்ந்துவிடும். பழைய கார்க்காரர்கள் பல நாடுகளிலும் இதனோடு மல்லாடுகிறார்கள். புதிது என்பதனால் ஒரு பொருளைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடக் கூடாது. என் கணக்கில், அண்மையில் மாற்றிய பொருளே முதல் சந்தேகத்துக்குரியது.

"பழைய ரோட்டார் இருக்கிறதா?" என்று கேட்டேன். பெரியவர் உள்ளே போய் ஒரு மைலோ டின்னோடு வந்தார். கழற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் அதில் போட்டு வைத்திருந்தார். "அப்பா எதையும் எறியவிட மாட்டார்" என்றார். ரிவெட் இல்லாத பழைய ரோட்டார் அடியில் கிடந்தது. முனையிலிருந்த கருப்பை மெதுவாகத் துடைத்து மாட்டி அதே சோதனையைச் செய்தேன். பொறி தாவவில்லை. அன்று மாலை வரை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டோம்; ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கமாக நெரிசலில் ஒரு சுற்றும் போய்வந்தோம். நிற்கவில்லை.

மூன்று பழுதுகளும் ஒன்றின் அடியில் ஒன்றாக மறைந்திருந்தன. மோட்டார் முனகியவரை டைமிங் தப்பு தெரிய வழியில்லை; டைமிங் தப்பாக இருந்தவரை என்ஜின் சூடேற வழியில்லை, ஆகவே ரோட்டாரின் குறையும் வெளிப்படவில்லை. முதல் பழுதைக் கண்டதும் 'இதுதான் காரணம்' என்று முடித்து, கார் இன்னும் ஓடாததால் அந்தக் கண்டுபிடிப்பே தவறு என்று பட்டையைப் பழையபடி விட்டிருந்தால் தேடல் முடிந்திருக்காது. பட்டை சரியானதற்குச் சான்று மீட்டரின் 0.2 வோல்ட், கார் ஓடுவதோ ஓடாததோ அல்ல. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதற்கே உரிய அளவை இப்படி வைத்துக்கொண்டால், அடுத்த அறிகுறி வரும்போது பழையதைத் திரும்பத் தோண்ட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றாமல் இருந்ததற்கும் அதுவே காரணம்.

இன்னும் செய்ய வேண்டியவை உண்டு. முதல் 500 மைல் வரை உச்ச வேகமும் வேண்டாம், மேட்டில் உயர் கியரில் திணறவிடுவதும் வேண்டாம். அதன் பிறகு ஆயிலை மாற்றி, தலைப்பகுதி நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிய வரிசையில் 40 பவுண்டு-அடி முறுக்குக்கு மறுபடி சரிபார்த்து, வால்வு இடைவெளிகளையும் அளக்க வேண்டும். ரிவெட் இல்லாத ரோட்டார் ஒன்றை உதிரியாக வாங்கி டாஷ்போர்டு பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாட்டுவதற்கு முன் அதையும் அதே சோதனையில் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது மெக்கானிக் கியர் பெட்டியின் முன்பக்கத்தின் அடியில் ஓர் ஆயில் சொட்டைக் காட்டி, மறுபடி பிரிக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டார். இந்த என்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வரிகள் மட்டுமே. நிறுத்தி வைத்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும். அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு, ஆயில் அளவை வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.